பருப்புச் சீட்டு

என் அக்கா தனித்துறவி. ஆண்டவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடதாசியில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டவர் என்றால் மேலே இருக்கிறவர் இல்லை, எங்கள் பிஷப். இந்தச் சொல் கண்டியில் பாதிப் பேருக்கு விளங்காது. "அக்கா எங்க வேலை செய்றாங்க?" என்று கேட்பார்கள். தனியாக இருந்து செபம் செய்கிறாள் என்பேன். "அது சரி, வேலை?" என்று மறுபடி கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் வருசம் முழுக்க நானும் அதையேதான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசம் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பிள்ளைகளுக்கு அவள் என்றால் நடுக்கம். ஐம்பது வயதைத் தொட்டபோது ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு இனி சத்தம் வேணாம்மா, சாமியோட தனியா இருக்கணும்" என்றாள். அம்மா அழுதாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வேண்டாமாம். அம்மாவின் இருமல், கந்தோரில் ஆட்களின் கூச்சல், கட்டுகஸ்தோட்டை பஸ்ஸின் ஹோர்ன், எல்லாம் எனக்கு மட்டும் பாட்டுக் கச்சேரியா?

மடத்துத் தலைமைச் சிஸ்டர், ஆண்டவர் என்று ஆளுக்கு ஆள் கடிதம் போய், ஒருவழியாக அனுமதி வந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஃபாதர் வந்து பூசை வைப்பார். அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு குசினி, வெளியே தண்ணீர்ப் பீலி. அங்கேதான் போனாள். பழைய காலத்துத் தவசிகள் பாலைவனத்துக்குப் போனார்களாம், அவள்தான் சொன்னாள். "இங்க பாலைவனத்துக்கு எங்க போறது? தேயிலைதான் இருக்கு" என்று சிரித்தாள். லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் சனங்கள் அவளைச் சாமியாரம்மா என்றார்கள். விறகு கொண்டுவந்து போட்டார்கள். விடியக்காலையில் எழும்பிச் செபம், பிறகு தோட்ட வேலை, கோயில்களில் இருந்து வரும் கிழிந்த பீடத் துணிகளைத் தைப்பது, மறுபடி செபம், ஒரு நேரச் சாப்பாடு, மறுபடி செபம். போன் இல்லை.

சாமான் கொண்டுபோகிறது என் பொறுப்பு. யாரும் என்னிடம் கேட்கவில்லை, எப்படியோ என் தலையில் விழுந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை மகியங்கனை பஸ்ஸில் ஏறி, திகன, தெல்தெனிய எல்லாம் தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, தோட்டத்து ஸ்டோர் வரைக்கும் த்ரீவீலில் போய், அதற்கு மேலே நடை. மழை பெய்திருந்தால் காலில் அட்டை ஏறும். அரிசி, பருப்பு, தேங்காய், உப்பு, தீப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம். தேயிலையும் கொண்டுபோவேன். தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலை சுமந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. அறையின் பக்கச் சுவரில் ஒரு பலகை ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே வெளியே ஒரு தட்டு. ஜன்னல் பக்கத்தில் ஆணியில் வெள்ளைத் துணி தொங்கினால் கூப்பிடலாம், கதைக்கலாம். ஊதாத் துணி என்றால் மௌனம். தவக்காலம் நாற்பது நாளும் ஊதாத்தான். அந்த நாட்களில் தட்டில் சாமானை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கடிதம் ஏதும் இருந்தால் தட்டில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டின்னை அவள் உயிர்த்த ஞாயிறு காலைச் செபம் முடிந்த பிறகுதான் திறப்பாள். ஒரு கடிதத்தையும் அதற்கு முன் தொடமாட்டாள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு, சாமான் சீட்டு. போன தடவை கொண்டுவந்த கூடையில் அவள் சின்னக் கடதாசித் துண்டில் தேவையானதை எழுதி வைப்பாள். நான் சாமானோடு அதே மாதிரி ஒரு சீட்டு வைப்பேன், இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை என்று. அந்தச் சீட்டை அவள் அன்றைக்கே வாசிப்பாள். வாசிக்காமல் எப்படி, உப்பு எங்கே என்று தெரிய வேண்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள். முப்பது வருசம் ஆகப்போகிறது. என் வேலையை ஒரு வரியில் சொல்வதென்றால், கம்பிக்குப் பின்னால் இருந்து ஆட்களைத் திருப்பி அனுப்புவது. கிராம சேவகர் கடிதம் இல்லையா, போய் எடுத்துட்டு வாங்க. கையெழுத்து இங்க இல்ல, அங்க போடணும். சிங்களவருக்கு 'ஹெட்ட என்ன', தமிழருக்கு 'நாளைக்கு வாங்க'. நான் கெட்டவள் இல்லை, சட்டம் அப்படி. ஆனால் ஒன்று சொல்கிறேன், பிடிக்காத முகம் வந்தால் சட்டம் கொஞ்சம் கூடுதலாக ஞாபகத்துக்கு வரும். அதை யாரும் பிழை சொல்ல முடியாது. அவ்வளவு வசதியான ஆயுதம் வேறு இல்லை.

அக்கா மேலே போனதில் இருந்து எனக்கு இன்னொரு உத்தியோகமும் வந்தது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். "அக்காட்ட சொல்லுங்க, மகனுக்கு விசா கிடைக்கணும்." "அக்கா செபிச்சா கேக்கும், அவங்க புனிதவதி." புனிதவதி! அந்தப் புனிதவதியின் அம்மாவுக்குச் சலம் எடுத்துப் போடுகிறவளைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நான் பலசரக்கு வாங்கும் கடைக்காரர் அலவத்துகொட முஸ்லிம் மனுசர், நானா என்றுதான் கூப்பிடுவேன்; அவர்கள் பேச்சில் அண்ணன் நானா, அக்கா ராத்தா. அவர்கூட, தேங்காயைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கித் தந்துகொண்டே, "அந்த ராத்தாக்கு நல்ல தேங்காய் குடுக்கோணும், எங்கட மகள்ட சோதினைக்கும் ஒரு துஆ கேக்கச் சொல்லுங்க" என்பார். சரி நானா என்பேன். சீட்டில் எழுதுவேன். அக்கா செபிப்பாள். மகள் பாஸாகிவிட்டாள். எல்லாருக்கும் எல்லாம் நடந்தது.

போன வருசத் தவக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கண் முன்னமே போய்விட்டது, இப்போது நெஞ்சும். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பாருங்க, அவங்களுக்கு அதுதான் நல்லது என்றார்கள். நல்ல மாதிரித்தான் சொன்னார்கள். லீவு போட்டேன். மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்த்தி வைத்தேன். அம்மா சாப்பாடு கேட்கவில்லை, வைத்தியம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"பெரியவளை ஒருக்கா வரச் சொல்லு. அவ குரல்ல ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே கேக்கணும். அது போதும்."

எங்கள் வீட்டில் சின்ன வயதில் இருந்தே அந்திச் செபத்தில் அக்காதான் முன்பாதி சொல்வாள். நானும் அம்மாவும், அப்போது இருந்த அப்பாவும் பின்பாதி. அக்கா மடத்துக்குப் போன பிறகு அந்த முன்பாதியை ஒருத்தரும் எடுக்கவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து முழுதாகச் சொல்லிவிடுவோம். நான் அம்மாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "நான் சொல்றேம்மா" என்றேன். சொல்லத் தொடங்கினேன்.

அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள். "நீ சொல்ற பாதி எனக்குத் தெரியும்டி. அவ சொல்ற பாதிதான் வேணும்."

மனசறிந்து சொன்ன சொல் இல்லை. மூச்சு இழுக்கிற மனுசி. ஆனால் எனக்கு அங்கேயே சுருக்கென்றது. பன்னிரண்டு வருசம் சட்டை மாற்றிவிட்டது நான், மருந்து கலக்கிக் கொடுத்தது நான், எனக்கென்று வந்த ஒரு சம்பந்தத்தையும் அம்மாவை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்தது நான். கேட்பது அவளுடைய பாதி. சரி என்றேன். பக்கத்து வீட்டு அன்ட்டியை அம்மாவோடு வைத்துவிட்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை புறப்பட்டேன்.

புறப்படும்போதே மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 'அக்கா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. டொக்டர்மார் கையை விரிச்சிட்டாங்க. உன் குரலைக் கேக்கணும்னு சொல்றாங்க. உடனே வா.' எழுதி, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினேன். ஒட்டும்போதே எனக்குத் தெரியும், நான் என்ன செய்கிறேன் என்று. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பத்தரை இருக்கும். ஊதாத் துணி தொங்கியது. சாமானைத் தட்டில் வைத்தேன். உள்ளே அவள் இருந்தாள். தும்புத்தடியால் கூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை தும்மினாள். பலகை ஜன்னலுக்கும் எனக்கும் ஒரு முழம் இல்லை. "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். விரலை மடக்கித் தட்டினால் போதும். கையைத் தூக்கினேன்தான். தூக்கிய கை அப்படியே நின்றது. துணியைப் பார்த்தேன். உனக்குச் சத்தம் வேண்டாம், இல்லையா? உன் சட்டம், நான் ஏன் மீறணும்? நீயே போட்ட சட்டம், நீயே அனுபவி. இதுதான் மனதில் ஓடியது. அம்மா ஞாபகத்துக்கு வரவே இல்லை. அக்காவும் நானும் மட்டும்தான் அங்கே இருந்தோம்.

உறையை பிஸ்கட் டின்னில் போட்டு மூடியை அழுத்தினேன். பிறகு சாமான் சீட்டை எடுத்து, தட்டிலேயே வைத்துப் பென்சிலால் எழுதினேன்: 'கடலைப் பருப்பு கிடைக்கல. மைசூர் பருப்பு வச்சிருக்கேன்.'

அவள் அன்றைக்கே வாசிக்கிற கடதாசியில் பருப்பை எழுதினேன். ஞாயிறு தாண்டி ஞாயிறு வரைக்கும் திறக்காத டின்னில் அம்மாவைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "சொன்னியா?"

"கடிதம் குடுத்தாச்சும்மா. வருவா."

ஞாயிறு, திங்கள், செவ்வாய். வாசல் கேற் சத்தம் கேட்டால் அம்மா தலையைத் திருப்புவாள். மீன்காரன் வந்தாலும் திருப்புவாள். செவ்வாய் பின்னேரம் தானாகவே, "படிச்சிருப்பா. செபத்துல இருப்பா. சாமி வேலை இல்லையா" என்றாள். அவளே கேள்வி, அவளே பதில். அப்போதுகூடப் போயிருக்கலாம். மூன்று மணித்தியாலப் பயணம். லயத்தில் ஒருத்தருக்கு போன் போட்டிருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள், ஸ்டோர் கணக்கப்பிள்ளையின் நம்பர் என்னிடம் இருந்தது. போடவில்லை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா போய்விட்டாள். துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்துதான் பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன். அது எனக்கே இப்போது விநோதமாக இருக்கிறது.

பெரிய வியாழக்கிழமை அடக்கம். பெரிய வியாழன் செத்த வீட்டுக்குப் பூசை வைக்க முடியாது, செபம் மட்டும்தான் என்று ஃபாதர் சங்கடத்தோடு சொன்னார். அதுவும் ஒரு சட்டம். நான் தலையாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அக்காவுக்குச் சொல்லியாச்சா?"

"கடிதம் குடுத்திருக்கேன்."

"வரலையா?"

"வரல."

இரண்டும் உண்மை. கவுண்டரில் பழகிய நாக்கு. கேட்டவர்கள் பெருமூச்சு விட்டு, அவங்க உலகத்தை விட்டவங்க, அப்படித்தான் என்றார்கள். ஒரு மனுசி, "பெத்த தாய்க்குக்கூடவா?" என்று முகத்தைச் சுளித்தாள். இந்தச் சொல்லைக் கேட்கத்தான் இத்தனையும் செய்தேன் என்று எனக்கு விளங்கியது. கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும், உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மண் போடச் சொன்னார்கள், போட்டேன்.

பெரிய வெள்ளி போகவில்லை. சனியும் போகவில்லை. உயிர்த்த ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு டின் திறக்கிற நாள். கடிதத்தை வாசித்துவிட்டு அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

ஸ்டோரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து ஒருத்தி வேகமாக இறங்கி வந்தாள். தோளில் துணிப்பை, கக்கத்தில் குடை, ஒரு கையில் செபமாலை. மூன்று வருசமாக அந்த மலையை விட்டு இறங்காதவள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ வந்துட்டியா! நல்லதாப் போச்சு. இப்பத்தான் படிச்சேன், படிச்ச கையோட கிளம்பிட்டேன். எந்த பஸ்? நின்னு ஏறினாலும் பரவாயில்ல. மூச்சு எப்படி இருக்கு? படுக்க முடியுதா, உக்கார்ந்தே இருக்காங்களா? எதாவது குடிக்கிறாங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி முன்னால் நடந்தாள். நாற்பது நாள் பேசாத வாய், கதவு திறந்த மாதிரிக் கொட்டியது. பழைய பாட்டெல்லாம் அம்மாவுக்குப் பாடிக் காட்டப்போகிறாளாம். அந்திச் செபத்தில் நான் சின்னப் பிள்ளையாகத் தூங்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடவை நான் முன்பாதி சொல்றேன், நீயும் அம்மாவும் பின்பாதி, தூங்கினால் அடிப்பேன் என்றாள். நான் பின்னால் நடந்தேன். சொல்ல வாயைத் திறப்பேன், அவள் அடுத்ததைக் கேட்பாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அவள் கதைக்கிற வரைக்கும் அம்மா உயிரோடு இருந்தாள்.

ஒரு பாலம் வரும், பாலம் என்ன, தண்ணீர் போகிற மதகு. அங்கே நின்றேன்.

"அக்கா. அம்மா புதன்கிழமையே போயிட்டாங்க. வியாழக்கிழமை அடக்கம் முடிஞ்சிருச்சு."

நான் பார்க்க வந்த முகம் அதுதான். பார்த்தேன். எழுத அதில் ஒன்றும் இல்லை. குடையைக் கீழே வைத்தாள். மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவது போலத் தேடி, ஒன்றும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நீ ஒத்தையா நின்னு எல்லாத்தையும் பார்த்திருக்கே. அந்த நேரத்துலகூட என் மௌனத்தைக் கலைக்கக்கூடாதுன்னு கடிதத்தை டின்ல போட்டுட்டுப் போயிருக்கே. வேற யாராச்சும்னா கதவை உடைச்சிருப்பாங்க. நீ என் நேர்த்திக்கடனை மதிச்சே. நான்தான் மடச்சி, அவசரத்துக்கு ஒரு வழி வைக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பஸ் வந்துரும்" என்றேன்.

கல்லறைக்குக் கூட்டிப்போனேன். மண் இன்னும் ஈரம், பூவெல்லாம் வாடிக் கிடந்தது. அக்கா முழங்காலில் நின்று, குரல் நடுங்காமல் அருள் நிறைந்த மரியே சொன்னாள். தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்பாதிக்காகக் காத்திருந்தாள். பின்பாதி என்னுடையது. எனக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கல்லறையில் யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளே அதையும் சொல்லி முடித்தாள். பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருசம். கந்தோருக்குப் போனேன், வந்தேன். அம்மாவின் கட்டிலைக் கோயிலுக்குக் கொடுத்தேன். அலுமாரியில் அவளுடைய சேலைகள் அப்படியே இருக்கின்றன. அழுகை வரவில்லை. ஆட்கள் என்னை மன உறுதி உள்ளவள் என்றார்கள். தேத்தண்ணி ஊற்றினால் குடிக்க மறந்துவிடுவேன், ஆறிப்போய் ஆடை படர்ந்திருக்கும். சனிக்கிழமைச் சாமான் மட்டும் தவறவில்லை. வெள்ளைத் துணி நாட்களில் அக்கா ஜன்னலில் நின்று கதைப்பாள், நான் ம் கொட்டுவேன்.

கேட்க வேண்டியதைக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான். பலசரக்குக் கடை நானா. அம்மா போன செய்தி கேட்டு, இன்னா லில்லாஹி என்று சொல்லி, ராத்தா வந்தாவா என்றார். கடிதம், டின், துணி எல்லாம் சொன்னேன். மனுசர் அரிசி அள்ளுகிற சுண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அது சரி தங்கச்சி. கதவத் தட்டி இருக்கலாமே?"

"அது அவங்க ரூல்ஸ் நானா. எங்க மார்க்கத்துல அப்படித்தான்" என்று சள்ளென்று விழுந்தேன். மனுசர் குனிந்து அரிசியை அள்ளினார். எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தாய் சாகக் கிடக்கிறாள் என்று ஒரு தட்டுத் தட்டினால் எந்தத் தவமும் கெட்டுப்போகாது, எந்தத் தவசியும் கோபிக்கமாட்டார். அது அந்த நானாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அக்கா ஒருத்திதான் என்னை நல்லவள் என்று நினைத்து, குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்த அறைக்குள் அதற்காகத் தவமும் செய்துகொண்டிருந்தாள்.

இந்த வருசம் தவக்காலம் தொடங்கியது. விபூதிப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை கூடையோடு ஏறினேன். ஊதாத் துணி தொங்கியது. தட்டில் பிஸ்கட் டின் இல்லை. அது இருந்த இடத்துக்கு மேலே, ஜன்னல் சட்டத்தில், கயிற்றில் ஒரு மாட்டு மணி கட்டியிருந்தது. லயத்தில் யாரிடமோ வாங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் கணக்கு டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அவசரம் என்றால் அடிக்கவும். எந்த நேரமும்.'

சாமானை வைத்தேன். இந்தத் தடவை கடலைப் பருப்பு கிடைத்திருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். எனக்குக் கோபம் வந்தது, பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று வந்தது. இப்போது எதற்கு மணி? அவசரம் என்று சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? எங்களுக்கு இருந்த ஒரே அவசரத்தைத்தான் டின்னில் போட்டு மூடியாச்சே. திரும்பி ஏறினேன். கயிற்றைப் பிடித்து மணியை ஆட்டினேன். ஒரு தடவை இல்லை, கை வலிக்கிற வரைக்கும்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ஓடி வருகிற காலடி. பலகை ஜன்னல் படாரென்று திறந்தது. அக்கா நின்றாள், கையெல்லாம் ரொட்டி மா, நெற்றியில் மா, கண் இரண்டும் விரிந்துபோய்.

"என்னடி? அம்மாவுக்கு என்ன?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவள் காதில் விழுந்தது. மா ஒட்டிய கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்தது என்றால், நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். போன வருசம் இதே இடத்தில் நான் தட்டியிருந்தால் அவள் இப்படித்தான் ஓடி வந்திருப்பாள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு, கையைக் கழுவாமல், இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்திருப்போம். மூன்றரைக்கு அம்மாவின் காதில் அந்த முன்பாதி விழுந்திருக்கும். அக்காவைத் தண்டிக்கப் போய் நான் அடித்தது அந்தக் குருட்டு மனுசியை. நாலு நாள் கேற் சத்தத்துக்குத் தலையைத் திருப்ப வைத்தேன்.

"அக்கா, நான் வேணும்னுதான் தட்டல" என்றேன். "நீ உள்ள கூட்டிக்கிட்டு இருந்தே. தும்மினே. எனக்குக் கேட்டுச்சு. பருப்புச் சீட்டுல ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதல. டின்ல போட்டா நீ தொடமாட்டேன்னு தெரிஞ்சுதான் போட்டேன். நீ வரக்கூடாதுன்னு இல்ல. நீ வரலன்னு நான் எல்லாருக்கும் சொல்லணும்னு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது தவக்கால மௌனமா, வேறு மௌனமா என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்த மா காயத் தொடங்கியிருந்தது. மலையில் மழை இறங்கியது. தட்டில் இருந்த அரிசிப் பை நனைந்தது, இரண்டு பேரும் எடுத்து வைக்கவில்லை. கீழே ரோட்டில் கண்டி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. நானும் இறங்கவில்லை.